காய்ச்சலின் கணக்கு

ஒரு நோய் ஊருக்குள் வந்துவிட்டது என்பதை முதலில் அறிகிறவர் யார்? வைத்தியர் என்றுதான் நாம் விடை சொல்வோம். இன்புளுயன்சாவின் வரலாற்றைப் படித்த பிறகு எனக்கு அந்த விடையில் ஐயம் உண்டாயிற்று. அந்நோயின் முழு உருவத்தை முதலில் கண்டவர்களுள் ஒருவர், நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்த்தவர் அல்லர். லண்டன் மாநகரில், மரணப் பதிவேடுகளுக்கு நடுவே அமர்ந்து கூட்டலும் கழித்தலும் செய்துகொண்டிருந்தவர்.

அவர் பெயர் வில்லியம் ஃபார். மருத்துவம் பயின்றவரேயாயினும், இங்கிலாந்தின் பிறப்பு இறப்புப் பதிவுத் தலைமை அலுவலகத்தில் புள்ளிவிவரப் பணியை மேற்கொண்டவர். நாடு முழுவதற்குமான அப்பதிவு முறை 1837-இல்தான் தொடங்கியிருந்தது. 1840 முதல், லண்டனில் வாரந்தோறும் எத்தனை பேர் இறந்தனர், எந்தெந்த நோயால் இறந்தனர் என்ற அறிக்கை வெளிவரலாயிற்று.

1847-ஆம் ஆண்டின் இறுதியில் அந்நகரில் இன்புளுயன்சா பரவியது. இன்புளுயன்சா என்று வெளிப்படையாக எழுதப்பட்டிருந்த மரணங்களை மட்டும் எண்ணியபோது தொகை அவ்வளவாக அச்சுறுத்தவில்லை. ஃபார் அத்துடன் நிற்கவில்லை. அதே வாரங்களில் மார்ச்சளியாலும், நிமோனியாவாலும், ஆஸ்துமாவாலும் இறந்தோர் தொகை ஒருசேர உயர்ந்திருப்பதைக் கண்டார். ஒரே நகரில், ஒரே சமயத்தில், இத்தனை நோய்களுக்கும் தனித்தனிக் காரணங்கள் எங்கிருந்து முளைத்தன? எனவே நோயின் பெயரையே ஒதுக்கிவிட்டார். அந்தப் பருவத்தில் வழக்கமாக எத்தனை பேர் இறப்பார்கள், இப்போது எத்தனை பேர் இறந்திருக்கிறார்கள் என்று பார்த்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தார். ஆறு வாரங்களில் வழக்கத்துக்கு மேல் மாண்டவர்கள் 5,000 பேருக்கும் அதிகம் என்று தெரிந்தது.

மாணவர்கள் இந்தக் கழித்தலை அற்பமாக எண்ணிவிட வேண்டாம். வைரஸ் என்ற ஒன்று உண்டென்றே யாரும் அறியாத காலத்தில் செய்யப்பட்டது அது. ராபர்ட் செர்ஃப்ளிங் என்ற அமெரிக்கர் 1963-இல் இதே கருத்தைக் கணித முறையாக வகுத்தார். ஆண்டின் ஒவ்வொரு வாரத்துக்கும் எதிர்பார்க்கத்தக்க மரணங்களை ஓர் அலைக்கோடாக வரைந்து, உண்மைத் தொகை அக்கோட்டைத் தாண்டிச் செல்லுமானால் கொள்ளைநோய் தலைகாட்டுகிறது என்று கொள்வதே அம்முறை. குளிர்நாடுகளில் அந்த அலை மார்கழி, தை மாதங்களில் எழும். நம் நாட்டிலோ இடத்துக்கு இடம் மாறும். ஸ்ரீநகரில் குளிர்காலம், சென்னையில் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழைக் காலம். ஆண்டுக்கணக்கில் எண்ணிப் பார்த்த பிறகே இது தெளிவாயிற்று.

1918-இல் வந்த பெருங்கொள்ளை நோயின்போது உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. போரிட்ட நாடுகள் செய்தித் தணிக்கையால் நோயை மறைத்தன. போரில் சேராத ஸ்பெயின் நாட்டுப் பத்திரிகைகள் உள்ளதை எழுதின. உண்மை சொன்னதற்குப் பரிசாக, 'ஸ்பானியக் காய்ச்சல்' என்ற பெயர் அந்நாட்டின் தலையில் விழுந்தது! இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் அதில் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது.

1933-இல் லண்டன் ஆராய்ச்சியாளர்களான வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா ஆகிய மூவரும், கீரியை ஒத்த ஃபெரட் என்னும் சிறு பிராணிக்கு நோயை ஏற்றி, மனிதனைத் தாக்கும் இன்புளுயன்சா வைரஸைப் பிரித்தெடுத்தனர். நோயுற்ற ஃபெரட் ஒன்று ஸ்மித்தின் முகத்தில் தும்மியது. அவரும் படுக்கையில் விழுந்தார். இந்த வைரஸ் தன் உருவை மாற்றிக்கொண்டே இருப்பது என்பதும் விரைவில் விளங்கியது. 1947-இல் அமெரிக்காவில் முந்திய தடுப்பூசி பயன்படாமற் போயிற்று. ஆகவே உலகெங்குமிருந்து மாதிரிகளைத் திரட்டி ஒப்பிட, லண்டனில் ஆண்ட்ரூஸின் பொறுப்பில் உலக இன்புளுயன்சா நிலையம் ஏற்பட்டது. பல நாடுகளில் துணை நிலையங்கள் தோன்றின. இந்தியாவின் நிலையம் குன்னூரிலுள்ள பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் அமைந்தது.

இவ்வளவு விரிந்த வலையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. மக்கள் சீனத்துக்கு அக்காலத்தில் உலக சுகாதார ஸ்தாபனத்தில் இடம் இல்லை. 1957-இன் தொடக்கத்தில் புதியதொரு வைரஸ் சீனத்தின் குய்சௌ மாகாணத்தில்தான் பரவத் தொடங்கியது. சீனத்தில் அத்துறையில் தேர்ந்த சூ சி-மிங் என்பவர், சில ஆண்டுகளுக்கு முன்பு லண்டனில் அதே ஆண்ட்ரூஸுடன் பணியாற்றியவர். அறிவு இருந்தது, நட்பும் இருந்தது. செய்தி செல்ல வழி மட்டும் இல்லை.

ஏப்ரல் 17-ஆம் நாள், வாஷிங்டனில் மாரிஸ் ஹில்மன் என்ற விஞ்ஞானி பத்திரிகையில் ஒரு செய்தியைப் படித்தார். ஹாங்காங்கில் இரண்டரை லட்சம் பேர் காய்ச்சலில் கிடக்கிறார்கள் என்பதே அது. உலக வலை உணராததை ஒரு பத்திரிகைச் செய்தி உணர்த்திற்று. கிழக்காசியாவிலிருந்து நோயாளி ஒருவர் வாய் கொப்பளித்த நீரை அவர் தருவித்துச் சோதித்தார். 1889-90-ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில் பிழைத்த முதியவர் சிலரைத் தவிர, வேறு எவர் இரத்தத்திலும் அந்த வைரஸுக்கு எதிர்ப்பு இல்லை. அவ்வாண்டு அமெரிக்காவில் சுமார் 4 கோடி தடுப்பூசிகள் தயாராவதற்கு அவரது முன்னறிவிப்பு வழி செய்தது.

ஸ்தாபனத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து தகவல் எட்டியது மே மாதத் தொடக்கத்தில். மே மாத நடுவிலேயே, காய்ச்சல் கண்ட பயணிகளுடன் சிங்கப்பூர்க் கப்பல் ஒன்று சென்னைத் துறைமுகத்தை அடைந்துவிட்டது! நம் மக்கள் பல தலைமுறைகளாகப் பிழைப்புக்கும் வாணிபத்துக்கும் சென்று மீண்ட கடல்வழி அது. ஏறக்குறைய 12 வாரங்களில் நோய் நாடு முழுவதும் பரவிற்று. 1958 பிப்ரவரி வரை இந்தியாவில் பதிவானவர்கள் 44 லட்சம் பேருக்கு மேல். பதிவான மரணங்கள் சுமார் 1,100.

இந்த இரண்டாவது எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஃபாரின் நினைவு வருகிறது. உலகெங்கும் அக்கொள்ளைநோயில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாக இன்று மதிப்பிடுகிறார்கள். நம் நாட்டில் நிமோனியா என்றும், வெறும் காய்ச்சல் என்றும் எழுதப்பட்டவர்கள் எத்தனை பேர்? எதுவும் எழுதப்படாமலே சுடுகாடு சென்றவர்கள் எத்தனை பேர்? லண்டனில் 1847-இல் போட்ட கழித்தலை இங்கே போடுவதற்கு, வாரந்தோறும் ஒவ்வொரு கிராமத்திலிருந்தும் வரும் நம்பத்தகுந்த மரணப் பதிவு வேண்டும். அது 1957-இல் நம்மிடம் இல்லை.

சீனத்தின் ஓட்டை பின்னர் அடைபட்டது. 1972-இல் மக்கள் சீனம் ஸ்தாபனத்தில் தன் இடத்தைப் பெற்றது. 2010-இல் பீஜிங்கின் இன்புளுயன்சா ஆய்வகம், உலகின் மாதிரிகளை ஒப்பிட்டுத் தடுப்பூசிக்குரிய வைரஸைத் தேர்ந்தெடுக்க உதவும் தலைமை நிலையங்களுள் ஒன்றாயிற்று.