பிறப்பின் விலை: ஓர் ஆட்டத்தின் விதிப்புத்தகத்தை வாசித்தல்

கோட்டாறில் ஒரு வீட்டு மாடியில் நாலு பையன்கள் பகடை உருட்டிக்கொண்டிருந்தார்கள். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டத்தின் 1981ஆம் வருட விதிகள். ஒருவன் கதை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதைக்குள் போகிறார்கள். அதில் ஒருவன் என்னிடம் முறையிட்டான்: "இந்த எல்ஃப் இருட்டுல பாக்கான், வாள் எடுக்கான், மந்திரமும் போடுதான். அவனுக்குப் பொறப்புலயே எல்லாம் இருக்குல்லா. பின்ன நான் எதுக்கு மனுசனா ஆடணும் அண்ணாச்சி?"

நியாயமான கேள்வி. சற்றேறக்குறைய 50 வருஷமாக அந்த ஆட்டத்தை எழுதியவர்கள் இதற்குத்தான் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பதில்களை வரிசையாக வைத்து வாசித்தால் ஆட்டத்தை விடப் பெரிய விஷயம் ஒன்று பிடிபடுகிறது.

நம்மிடம் ஆடு புலி ஆட்டம் உண்டு. புலி 3, ஆடு 15. புலி தாண்டி வெட்டும். ஆட்டுக்கு அது கிடையாது. எல்லா ஆடும் தளத்தில் இறங்குகிறவரை ஓர் ஆட்டைக்கூட நகர்த்த முடியாது. ஒரு புலியும் ஓர் ஆடும் எந்நாளும் சமமில்லை. ஆனால் இரண்டு தரப்புகள் சமம். பலத்துக்கு எதிராக எண்ணிக்கை, தாண்டலுக்கு எதிராக அடைப்பு. அடுத்த ஆட்டத்தில் நீ புலி, நான் ஆடு. அவ்வளவுதான்.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆட்டத்தில் இந்த வழி அடைபட்டுவிடுகிறது. அங்கே தரப்புகள் இல்லை. பலசாலியும் சாதாரணனும் ஒரே கூட்டத்தில் தோளோடு தோள் நடக்க வேண்டும். சமன் செய்ய வேண்டியது தரப்பை அல்ல, உடலை. அதாவது பிறப்பை. விதிப்புத்தகம் அதற்கு வைத்த பெயரே 'இனம்'.

முதல் தீர்வு உச்சவரம்பு. 1974 விதிகளில் குள்ளர் போர்வீரராக 6ஆம் நிலைக்கு மேல் வளர முடியாது. எல்ஃப் போரில் 4, மந்திரத்தில் 8. மனிதனுக்கு வரம்பே இல்லை. கைகாக்ஸ் 1979இல் நடத்துநர்களுக்கு எழுதிய நூலில், இந்த உலகம் மனிதனை மையமாகக் கொண்டது என்பதை ஒளிக்காமலே வாதிடுகிறார். சமநிலை என்பது இங்கே மையத்தைக் காப்பாற்றும் ஏற்பாடு. அதில் ஓட்டையும் உண்டு. பலம் முதல் நாளே கையில். விலை என்றோ ஒருநாள். அந்த நிலை வரும் முன்பே கதை முடிந்துவிட்டால் விலை கொடுக்கவே வேண்டாம்.

1978 நூலில் இன்னொன்று: பெண் பாத்திரத்தின் உடல்வலிமைக்குத் தனி வரம்பு. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் அது போனது. பிறப்பை எண்ணாக்கத் தொடங்கினால் கை எங்கெல்லாம் நீளும் என்பதற்கு இதுவே சாட்சி.

பையன்களின் 1981 நூல் இன்னும் ஒருபடி மேலே போகிறது. மனிதன் வீரனாகலாம், திருடனாகலாம், குருவாகலாம். எல்ஃப் எல்ஃபாக மட்டுமே ஆகலாம், பிறப்பே தொழில். இரண்டாம் நிலையை எட்ட வீரனுக்கு 2000 அனுபவப் புள்ளி, எல்ஃபுக்கு 4000. எழுதியவர்களுக்கு இது கணக்கு. நமக்கோ வேறு ஒரு புத்தகத்தில் வாசித்த ஞாபகம் வருகிறது.

2000இல் மூன்றாம் பதிப்பு உச்சவரம்பை நீக்கியது. பிறகு வந்தது நிலைக் கடன். டிரோ என்னும் கருநிற எல்ஃபாகப் பிறந்தால் எப்போதும் இரண்டு நிலை பின்தங்கி நடக்க வேண்டும். கோட்டாறு சந்தைத் தராசு போல: இந்தத் தட்டில் பலம், அந்தத் தட்டில் படிக்கல். ஆனால் படிக்கல் மாறாது, பலத்தின் பயன் மாறிக்கொண்டே இருக்கும். இரண்டு நிலை குறைந்த மந்திரவாதிக்கு ஏற்படும் நஷ்டத்தைப் பிறவிப் பலம் ஈடுகட்டுவதில்லை. 2020இல் பிறப்போடு கட்டியிருந்த பண்பெண்களை விருப்பப்படி மாற்றிக்கொள்ள வழி செய்தார்கள். 2024இல் 'இனம்' என்ற சொல்லே போய் 'உயிரினவகை' வந்தது. பண்பெண்கள் பாத்திரத்தின் வாழ்க்கைப் பின்னணிக்கு நகர்ந்தன.

இதை ஆட்டக்காரர்களின் விவகாரம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. கோட்டாறு திருவிதாங்கூரில் இருந்த ஊர். தோள்சீலைக் கலகத்தின் முடிவில், 1859 ஜூலை 26 அன்று சமஸ்தானம் ஒரு பிரகடனம் விடுத்தது: நாடார் பெண்கள் மார்பை மூடிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் அணிவதுபோல் அணியக்கூடாது. இதுவும் உச்சவரம்புதான். வளரலாம், இதுவரைக்கும். ஆட்டத்தில் வரம்பு பலசாலிக்கு. இங்கே அடிபட்டவளுக்கு. இரண்டிலும் வரம்பில்லாதவன் ஒருவன் இருக்கிறான்; விதியை எழுதுகிறவன் அவன்தான்.

இரண்டையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. எல்ஃபைப் பையன் தேர்ந்தெடுக்கிறான். சலித்தால் தாளைக் கிழித்துப் போடலாம். சாதியை யாரும் பகடை உருட்டி எடுக்கவில்லை. ஆனால் 'சமநிலை' என்ற சொல் இரண்டு இடத்திலும் ஒரே தந்திரத்தைச் செய்கிறது. ஏற்றத்தாழ்வு இயற்கையில் இருப்பது போலவும், விதி அதை நேர் செய்ய மட்டுமே வந்தது போலவும் காட்டுகிறது. உண்மையில் எல்ஃபுக்கு இருட்டில் பார்வை கொடுத்ததும் விதிதான், அதற்கு விலை வைத்ததும் விதிதான். இட ஒதுக்கீடு வந்ததும் 'திறமைக்கு அநியாயம்' என்று இன்றும் புலம்புகிறவர்கள் இந்த முதல் விதியை மறந்துவிட்டு இரண்டாம் விதியை மட்டும் வாசிக்கிறார்கள்.

1896இல் டாக்டர் பல்பு 13,176 கையெழுத்துகளோடு ஈழவர் விண்ணப்பத்தைத் திருவிதாங்கூர் மன்னரிடம் கொடுத்தபோது கேட்டது பள்ளிக்கூடமும் அரசு வேலையும். எதிராளிக்குக் கூடுதல் படிக்கல் போடச் சொல்லவில்லை. தராசு யார் கையில் இருக்கிறது என்று கேட்டார்.

மாடியிலிருந்த பையன்கள் அன்று என்ன செய்தார்கள் தெரியுமா? விதியைத் திருத்தவில்லை. "சுத்துக்கு சுத்து எல்ஃப் மாறட்டும்லே" என்று முடிவு செய்தார்கள். ஆடு புலியில் படித்த பாடம்.