மயில் தலையும் கோட்டைச் சிங்கமும்

சம்மாந்துறையிலோ கல்முனையிலோ பழைய வீட்டு அலுமாரியில் அச்சுக் கண்ணாடிச் சீனிக் கோப்பை ஒன்று அகப்பட்டால், “வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்” என்று சொல்லி விட்டுவிடுவோம். காலம் ஓரளவு சரியாகவே இருக்கலாம். செய்தவர் யார்? வட இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட்டில் இயங்கிய சோவர்பி, டேவிட்சன் என்ற இரண்டு தொழிலகங்களை ஒப்பிட்டால், அந்த விடையைத் தேடும் வழி பிடிபடும்.

செய்முறை இரண்டுக்கும் ஒன்றுதான். உருகிய கண்ணாடியை இரும்பு அச்சில் இட்டு மேலிருந்து தண்டால் அழுத்துவார்கள். அதனால் அச்சுத் துண்டுகள் கூடும் இடத்தில் மெல்லிய வரி வெளியே எழும்பி நிற்கும். உட்புறம் வழுவழுப்பாக இருக்கும். வெட்டுக் கண்ணாடியின் கூர் விளிம்பு இதில் மழுங்கியிருக்கும். இது அச்சுக் கண்ணாடி என்பதற்குச் சான்றே தவிர, எவருடையது என்பதற்கு அல்ல.

அதற்கு முத்திரை வேண்டும். சோவர்பி 1876இல் மயில் தலையைச் சின்னமாகப் பதிந்தது. 1867இல் தொடங்கிய டேவிட்சன், 1880களில் கோட்டைக் கொத்தளத்திலிருந்து எழும் சிங்கத்தைப் பொறித்தது. சண்டர்லாந்தின் கிரீனர் நிறுவனத்துக்கும் சிங்கமே சின்னம். முதலில் நட்சத்திரமும் பின்னர் கோடரியும் ஏந்திய சிங்கம். ஆகவே சிங்கத்தைக் கண்டால் கையில் என்ன, காலடியில் என்ன என்று பார்த்துவிட்டே பெயர் சொல்லவேண்டும்.

முத்திரை பெயரைத் தரும், ஆண்டைத் தராது. மயில் தலை 20ஆம் நூற்றாண்டிலும் மீண்டும் வந்தது. ஆண்டுக்கு அரசப் பதிவுக் குறி உதவும். 1842 முதல் 1883 வரை அது சாய்சதுரம்: உச்சியில் கண்ணாடியைக் குறிக்கும் ரோமன் மூன்று, 1868 முதல் வலது மூலையில் ஆண்டெழுத்து. 1884இலிருந்து ஆர்.டி. என்ற எழுத்துகளோடு வரிசை இலக்கம். 1890இன் தொடக்கத்தில் அது 141273ஐ எட்டியிருந்தது. மயிலும் சாய்சதுரமும் சேர்ந்திருப்பது சோவர்பியின் செழிப்பான காலத்தின் அடையாளம். டேவிட்சனிலோ பல பொருள்களில் வெறும் இலக்கம்தான் இருக்கும். 130643 என்றால் அது 1889இல் டேவிட்சன் பதிந்த கோலம்.

நிறத்திலும் இருவருக்கும் தனிவழி உண்டு. சோவர்பி 1877இல் பீங்கானைப் போன்ற ஒளிபுகாக் கண்ணாடியையும், 1879இல் தந்த நிறத்தையும் கொண்டுவந்தது; ஓவியர் வால்டர் கிரேனின் குழந்தைப் பாடல் சித்திரங்கள் அதன் பாத்திரங்களில் ஏறின. டேவிட்சனின் 1889ஆம் ஆண்டுப் ‘பேர்லைன்’ கண்ணாடி நீலத்தில் தொடங்கியது. மறு ஆண்டு மஞ்சளும் வந்தது. விளிம்பு பால் போல் வெளுத்திருக்க, உள்ளே போகப் போகத் தெளியும். 1923இல் டேவிட்சனின் முகில் படர்ந்த கண்ணாடி வந்தது. ஆனால் புறஊதா டோர்ச்சில் பச்சையாக மின்னுவதை வைத்துப் பெயர் சொல்லிவிட முடியாது. சோவர்பியின் தந்த நிறத்திலும் டேவிட்சனின் மஞ்சளிலும் யுரேனியம் உண்டு.

இன்னொரு சிக்கல், அச்சுகள் கைமாறுவது. எட்வர்ட் மூர், ஹெப்பெல் ஆகிய நிறுவனங்களின் அச்சுகளை டேவிட்சன் வாங்கிக்கொண்டது. அமெரிக்காவில் பிறந்த ‘சிப்பண்டேல்’ கோலம்கூட 1930களில் டேவிட்சனில் அழுத்தப்பட்டது. கோலம் ஒருவருடையதாகவும் கையிலிருக்கும் கோப்பை இன்னொருவருடையதாகவும் இருக்கலாம். பதிவு இலக்கம் காட்டுவது கோலத்தின் பிறப்பை மட்டுமே. அதே அச்சு பின்னும் பல ஆண்டுகள் உழைத்திருக்கும்.

ஆக, மயிலும் சாய்சதுரமும் கூடியிருந்தால் சோவர்பி என்று துணிந்து சொல்லலாம். டேவிட்சனுக்கு இலக்கம், பழைய விலைப்பட்டியலில் உள்ள கோலம், நிறம் ஆகிய மூன்றும் ஒத்துவர வேண்டும். அடிப்புறம் வெறுமையான பொருளுக்கு விற்பவர் ஒரு பெரிய பெயரைச் சொன்னால், இவற்றில் எது தங்களிடம் இருக்கிறது என்று கேளுங்கள். ஒன்றுமில்லையென்றால், பெயருக்குக் காசு கொடுக்காமல் கோப்பைக்கு மட்டும் கொடுங்கள்.