மோர்ப்பானைக்கு மேற்கோள்

என் தாத்தா தன் வாழ்க்கை வரலாற்றை நாலு வரியில் சொல்லி முடித்துவிடுவார். "நான் பொறந்தது மெட்ராஸ் பிரசிடென்சி. எஸ்எஸ்எல்சி எழுதினது ஆந்திரா. கல்யாணம் பண்ணினது மெட்ராஸ் ஸ்டேட். உங்கப்பனைப் பள்ளிக்கூடத்துல சேர்த்தது தமிழ்நாடு. இத்தனைக்கும் நான் திருத்தணியை விட்டு எங்கயும் போகலடா."

சின்ன வயதில் இதை ஜோக் என்றுதான் நினைத்தேன். அது அப்பட்டமான நிர்வாக வரலாறு என்பது விக்கிப்பீடியாவில் ஊர்க் கட்டுரைகளைத் திருத்த ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது. திருத்தணி முதலில் வட ஆற்காடு மாவட்டம், கார்வேட்டிநகரம் ஜமீன். 1911இல் சித்தூர் மாவட்டம் புதிதாக உருவானபோது அதற்குள் போனது. 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூரோடு சேர்ந்து ஆந்திரா. 1956இல் ஆந்திரப் பிரதேசம். 1960 ஏப்ரல் 1 முதல் மெட்ராஸ் மாநிலம், செங்கல்பட்டு மாவட்டம். 1969இல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆனது. 1997இல் மாவட்டம் பிரிந்து திருவள்ளூர். மலை மட்டும் அதே இடத்தில், அதே 365 படிகளோடு.

இப்போது ஒரு கலைக்களஞ்சியத்தில் 'பிறப்பிடம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் ஒரே ஒரு விடையைத்தான் எழுத முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் பிறந்தவருக்கு என்ன எழுதுவீர்கள்?

என் தாத்தாவுக்கு யாரும் பக்கம் ஆரம்பிக்கப் போவதில்லை. ஆனால் சர்வபள்ளி ராதாகிருஷ்ணனுக்கு உண்டு. அவர் பிறந்தது திருத்தணியில். குடும்பம் தெலுங்குக் குடும்பம், பெயரின் முன்னால் நிற்கும் சர்வபள்ளி நெல்லூர்ப் பக்கத்துக் கிராமம். 'தமிழ்நாட்டில் பிறந்தவர்' என்று ஒருவர் எழுதினால் இன்னொருவருக்குக் கோபம் வரும். 'ஆந்திராவைச் சேர்ந்தவர்' என்று எழுதினால் வேறொருவருக்கு. சமாதானமாக 'அன்றைய சித்தூர் மாவட்டம்' என்று போட்டால் அதுவும் தப்பு, ஏனென்றால் 1888இல் சித்தூர் மாவட்டம் என்று ஒன்றே கிடையாது. இதில் நான் அடிக்கடி நினைத்துச் சிரிக்கும் விஷயம் ஒன்று உண்டு. 1960இல் இந்த ஊர் மாநிலம் மாறியபோது ராதாகிருஷ்ணன் குடியரசுத் துணைத் தலைவர். பதவியில் இருக்கும்போதே அவருடைய பிறந்த மாநிலம் மாறிப்போனது. சட்டம்தான் மாற்றியது, ஆகவே ஆதாரமெல்லாம் பக்காவாக இருக்கிறது.

இந்தத் தலைவலி நமக்கு மட்டும் வந்ததல்ல. போலந்தின் துறைமுக நகரம் ஒன்று, போலிஷில் கிதான்ஸ்க், ஜெர்மனில் தான்சிக். எந்தப் பெயரை எழுதுவது என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் மாறி மாறி அழித்து எழுதிச் சண்டை போட்டார்கள். 2005இல் ஓட்டெடுப்பு வைத்துத்தான் ஓய்ந்தது. 1308 முதல் 1945 வரையிலான காலத்தைப் பற்றி எழுதும்போது தான்சிக், மற்ற காலத்துக்குக் கிதான்ஸ்க் என்று காலவாரியாகப் பிரித்துக்கொண்டார்கள். சாஃப்ட்வேர்க்காரன் கண்ணுக்கு இது பழகிய தீர்வு. ஒரு மதிப்புக்கு ஒரே கட்டம் என்று வடிவமைத்தது தவறு, 'எப்போதிலிருந்து, எப்போது வரை' என்று இரண்டு கட்டம் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. 2012இல் தொடங்கிய விக்கித்தரவு இதைத்தான் செய்கிறது. அங்கே ஓர் ஊர் எந்த நிர்வாகப் பகுதியில் இருக்கிறது என்பதற்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் போடலாம். என் தாத்தாவின் நாலு வரியை அங்கே அப்படியே ஏற்றிவிட முடியும்.

ஆனால் மனிதர்கள் சண்டை போடுவது கட்டத்துக்காக இல்லையே. ஆங்கில விக்கிப்பீடியாவில் இந்திய ஊர்களின் பெயர்களுக்குப் பக்கத்தில் முன்பெல்லாம் உள்ளூர் எழுத்தையும் போடுவார்கள். எந்த மொழி முதலில், எந்த மொழிக்கு இடமே இல்லை என்று ஓயாத தகராறு. கடைசியில் 2012 வாக்கில், கட்டுரையின் முன்னுரையில் இந்திய எழுத்துகளே வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டார்கள். இரண்டு பிள்ளைகள் ஒரு பொம்மைக்கு அடித்துக்கொண்டால் அம்மா பொம்மையைப் பரண்மேல் போடுவாளே, அந்த மாதிரி. நிர்வாகக் கண்ணோட்டத்தில் நியாயம்தான். எனக்கு மட்டும் இன்னும் ஆறவில்லை. திருத்தணி ரயில் நிலையத்துப் பெயர்ப்பலகையில்கூட இல்லாத கட்டுப்பாடு.

பெயரும் லேசுப்பட்டதல்ல. திருத்தணி, திருத்தணிகை, தணிகை, செருத்தணி. முருகனின் சினம் தணிந்த இடம், அதனால் தணிகை என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆங்கிலத்தில் எழுதும்போது எச் எங்கே வரும், டி எத்தனை வரும் என்பதில் ஆளுக்கு ஒரு கணக்கு. ரயில்வேக்காரர்கள் எச் போடாமல் எழுதி, டிஆர்டி என்று மூன்றெழுத்தில் முடித்துக்கொண்டார்கள். ஊரில் வீரட்டானேசுவரர் கோயில் ஒன்று இருக்கிறது, மலைக்கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் நூற்றில் ஒருவர் எட்டிப் பார்த்தால் அதிகம். பல்லவ அரசன் அபராஜிதவர்மனின் 18ஆம் ஆட்சியாண்டில் நம்பி அப்பி என்பவர் கல்லால் கட்டியது. அங்குள்ள கல்வெட்டில் ஒரு வெண்பா. அதை அரசனே பாடியதாகக் கல்வெட்டே சொல்கிறது. அதில் ஊரின் பெயர் 'திருத்தணியல்'. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முந்தைய சான்று.

இதை நான் கட்டுரையில் சேர்க்க முடியுமா? நேரில் போய்க் கல்லைத் தடவிப் படித்தேன் என்று சொல்லிச் சேர்க்க முடியாது. அது சொந்த ஆய்வு. கல்வெட்டு முதல்நிலைச் சான்று, அதைப் படித்து விளக்கிய அறிஞரின் அச்சு நூல்தான் மேற்கோள் ஆகும். நல்லவேளையாகத் திருத்தணிக்கு அது இருக்கிறது. பக்கத்து வேலஞ்சேரியில் செப்பேடுகள் கிடைத்தபோது இரா. நாகசாமி அவற்றைப் படித்துப் பதிப்பித்தார். கல் சொன்னால் செல்லாது, கல் சொன்னதை ஒருவர் புத்தகத்தில் சொன்னால் செல்லும். கேட்கக் கிறுக்குத்தனமாக இருக்கிறது இல்லையா? ஆனால் இந்த விதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, வாட்ஸப் குடும்பக் குழுவில் வரும் வரலாற்றைப் பாருங்கள். விதி சரிதான் என்று நான் நம்புகிறேன். அதன் விலையைத்தான் சொல்ல வருகிறேன்.

தமிழ் விக்கிப்பீடியாவிலும் பெயர்ச் சண்டை குறைவில்லை, ஆனால் அதன் ருசி வேறு. 2003இல் தொடங்கிய அதைத் தூக்கி நிறுத்தியவர்களில் மயூரநாதன் போன்ற இலங்கைத் தமிழர்கள் முக்கியமானவர்கள். அவர்கள் ரொறன்ரோ என்று எழுதுவார்கள், நாம் டொரண்டோ என்போம். கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா என்பது தீராத வழக்கு. ஸ்டாலின் என்பதா, இசுடாலின் என்பதா? எல்லாம் ஆலமரத்தடியில் பேசப்படும். கேலியாகச் சொல்லவில்லை, தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கத்துக்குப் பெயரே ஆலமரத்தடிதான். பேசிப் பேசி ஒரு பெயரைத் தலைப்பாக வைப்பார்கள், தோற்ற பெயரை 'வழிமாற்று' ஆக்குவார்கள். அதைத் தேடினாலும் சரியான பக்கத்துக்குக் கொண்டுபோய் விடும். கணினி உலகம் கண்டுபிடித்த நாகரிகமான சமாதானங்களில் இதுவும் ஒன்று என்பேன். 2020 ஜூனில் தமிழக அரசு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துகளை ஒரே ஆணையில் மாற்றி, கிண்டல் தாங்காமல் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றதே, ஞாபகம் இருக்கிறதா? அந்த ஆணையில் வழிமாற்று என்ற யோசனையே இல்லை.

மோர்ப்பானைக்கு வருகிறேன்.

வடக்கெல்லைப் போராட்டம் பற்றி இன்றைய தலைமுறைக்கு அதிகம் தெரியாது. பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பரில் உண்ணாவிரதமிருந்து இறந்ததும் ஆந்திர மாநிலம் உறுதியாயிற்று. சித்தூர் மாவட்டம் முழுசாக அங்கே போகும் என்றானபோது தமிழ் பேசும் பகுதிகள் கொதித்தன. ம.பொ.சி. தலைமை தாங்கினார். இந்தப் பக்கத்தில் மங்கலங்கிழார் ஊர் ஊராகத் தமிழ் சொல்லிக்கொடுத்து ஆள் சேர்த்தார். மறியல், கைது, சிறை. பிறகு படாஸ்கர் நடுவராக நியமிக்கப்பட்டு, 1959இல் எல்லை மாற்றச் சட்டம் வந்தது. சித்தூர் மாவட்டத்திலிருந்து 319 ஊர்கள் இங்கே வந்தன, செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களிலிருந்து 151 ஊர்கள் அங்கே போயின. திருத்தணி வந்தது. சத்தியவேடு போனது. திருப்பதி வரவே இல்லை.

இதற்கான சான்றுகள் யாரிடம் இருக்கின்றன? போராடியவர்களிடம். ம.பொ.சி.யின் தன்வரலாறு 'எனது போராட்டம்' இல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதவே முடியாது. ஆனால் அது ஒரு தரப்பின் தலைவர் எழுதியது. எதிர்த்தரப்பின் நினைவுகள் தெலுங்கில் இருக்கின்றன, அங்கே இதே சம்பவங்களுக்கு வேறு பெயர். ஒருவருக்கு மீட்பு, இன்னொருவருக்கு இழப்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுதுவதுதான் நடுநிலை என்று விக்கிப்பீடியா சொல்லும். சரி.

தாத்தா சொன்ன கதை இந்த இரண்டிலும் அடங்காது. 1953 கோடையில் அவர் பள்ளிப் பையன். வெயிலில் மறியல் செய்தவர்களுக்கு மோர்ப்பானை தூக்கிக்கொண்டு போய்க் கொடுப்பது பையன்களின் வேலை. அந்த மோர் வந்தது கடைத்தெருவில் ஒரு தெலுங்கு செட்டியார் கடையிலிருந்து. "அந்த ஊரு வேணும்னு நீங்க கத்துறீங்க, ஊரு எங்க போனாலும் நான் இங்கதான் கடை வெப்பேன்; தாகத்துக்கு மொழியா இருக்கு?" என்று தெலுங்கில் சொல்லிக்கொண்டே ஊற்றிக் கொடுப்பாராம். தாத்தா இதைச் சொல்லும்போது பாட்டி உள்ளேயிருந்து அந்தத் தெலுங்கைத் திருத்துவாள். பாட்டி புத்தூர்ப் பக்கம். வீட்டில் அவள் அதட்டுவது தெலுங்கில், சாமி கும்பிடுவது தமிழில்.

புதிதாகத் திருத்த ஆரம்பித்திருந்த ஆர்வக்கோளாறில் இதை ஒரு வரியாகக் கட்டுரையில் சேர்த்துவிட்டேன். உள்ளூர்த் தெலுங்கு வணிகர்களும் போராட்டக்காரர்களுக்கு உதவினர் என்று. பத்து நிமிடம்கூட இருக்காது, இன்னொரு பயனர் எடுத்துவிட்டார். காரணம்: சான்று இல்லை. அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. அவர் இடத்தில் நான் இருந்தாலும் எடுத்திருப்பேன். பேரன் சொல்கிறான் என்பது சான்றா?

ஆனால் ராதாகிருஷ்ணன் பக்கத்துக்குத் திரும்பிப் பாருங்கள். ஆசிரியர் தினம் கொண்டாடுகிறோமே, அந்த 1888 செப்டம்பர் 5 பதிவேட்டுத் தேதி. உண்மையில் தான் பிறந்தது 1887 செப்டம்பர் 20 என்றே ராதாகிருஷ்ணன் நினைத்தார். இது எப்படித் தெரியும்? அவருடைய மகன் சர்வபள்ளி கோபால் எழுதிய வாழ்க்கை வரலாற்றிலிருந்து. கோபால் பெரிய வரலாற்றாசிரியர், 1989இல் புத்தகத்தை வெளியிட்டது ஆக்ஸ்போர்டு. ஆகவே அதைத் தாராளமாக மேற்கோள் காட்டலாம். ஒரே ஊர். அங்கே அப்பா நம்பியது, இங்கே தாத்தா பார்த்தது. அந்த வீட்டில் பிள்ளை வரலாற்றாசிரியர், இந்த வீட்டில் பேரன் சாஃப்ட்வேர் இன்ஜினியர். கோபாலின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் பேச்சு அச்சுக்கு ஏறுவதற்கு எத்தனை படி ஏற வேண்டியிருக்கிறது என்று பார்க்கிறேன்.

இதை யோசித்த முதல் ஆள் நானில்லை. 2011இல் அசல் பிரபலா என்பவர் வாய்மொழியை மேற்கோளாக்க முடியுமா என்று ஒரு முயற்சி செய்தார். மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் வடசோத்தோ மொழி ஆகியவற்றில், ஊர் விளையாட்டுகளையும் சமையலையும் அறிந்தவர்களிடம் பேட்டி எடுத்து, அந்த ஒலிப்பதிவுகளைச் சான்றாக வைத்துக் கட்டுரைகள் எழுதினார்கள். விவாதம் நிறைய நடந்தது, விதி மாறவில்லை. விளையாட்டுக்கே இந்தப் பாடு என்றால், இரண்டு மாநிலம் உரிமை கோரும் ஊரின் கதைக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதே மோர்க்கதையை அந்தச் செட்டியார் வீட்டில் வேறு மாதிரி சொல்லலாம். காசு வாங்கிக்கொண்டுதான் ஊற்றினார் என்றுகூட இருக்கலாம்.

அதனால் போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை எடுத்துப் போனேன். தாத்தாவுக்கு இப்போது காது மந்தம், தேதிகள் கலங்குகின்றன. மோர்ப்பானை 1953ஆ, 1956ஆ என்று கேட்டேன். "வெயில் காலம்" என்றார். கடை எங்கே இருந்தது என்றதற்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கடைத்தெருவில் ஒரு செல்போன் கடையின் முன் நின்று, "இதான்" என்றார். பத்தடி தள்ளிப் போய், "இல்ல, இதுவா இருக்கும்" என்றார். பாட்டியிடம் திரும்பி வந்து சொன்னதற்கு, அவள் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். அதுவும் பதிவாகியிருக்கிறது, 41ஆவது நிமிடத்தில். எழுத்தில் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன். பாட்டி சொன்னதில் இரண்டு சொல்லுக்கு மட்டும் யாரையாவது கேட்க வேண்டும்.