மணிக்கட்டில் ஒரு நாண்



முதலில் ஒரு சின்னச் சோதனை. உள்ளங்கையை மேலே திருப்பி, கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேருங்கள். அப்படியே மணிக்கட்டை லேசாக மடக்குங்கள். நடுவில் கயிறு மாதிரி ஒன்று புடைக்கிறதா? பேச்சுவழக்கில் 'நரம்பு' என்போம். உண்மையில் அது பால்மாரிஸ் லாங்கஸ் என்ற முன்கைத் தசையின் நாண்.

எனக்கு வலக்கையில் இருக்கிறது, இடக்கையில் இல்லை. நூற்றில் சுமார் 15 பேருக்கு இது இருக்காது என்பது பழைய உடற்கூறு நூல்களின் கணக்கு. நாட்டுக்கு நாடு மாறும். இல்லாவிட்டாலும் பிடி குறையாது, பயப்படாதீர்கள். அதனால்தான் வேறு விரலின் நாண் அறுந்தால், இதை எடுத்து அங்கே ஒட்டுப்போடுகிறார்கள். ஆனால் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். அதை ஒட்டியே கையின் முக்கியமான நடுநரம்பு ஓடுகிறது. நாண் என்று நினைத்து அந்த நரம்பையே எடுத்துவிட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

இந்தத் தசைக்கு நம் தமிழ்நாட்டில் ஒரு வரலாறு உண்டு. கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். அடுத்த ஆண்டு செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனபோது, விரல் மடங்கிய ஒரு நோயாளியோடு கைகுலுக்கினார். அந்தப் பிடி வலிக்கும் அளவுக்கு இறுகியது. விரல்கள் மடங்கியிருந்தாலும் முன்கைத் தசைகள் சாகவில்லை என்று அவருக்குப் புரிந்தது. நல்ல தசையின் நாணை இடம் மாற்றி, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சை 1948 முதல் வேலூரில் வளர்ந்தது. பின்னாளில் கரிகிரியில் டாக்டர் எர்னஸ்ட் ஃபிரிட்சியும், பம்பாயில் டாக்டர் என்.எச்.ஆன்ட்டியாவும் பால்மாரிஸ் தசையையே நான்கு கிளையாக நீட்டி நான்கு விரல்களுக்கும் இணைத்தார்கள். அது இல்லாதவர்களுக்கு வேறு தசை.

இதை ஏன் இப்போது சொல்கிறேன்? நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மாணவனின் அப்பா மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தார். நம்மூர் செராமிக் பட்டறையில் அச்சில் பீங்கான் குழம்பு ஊற்றியவர். விரல்கள் மடங்கி அச்சைப் பிடிக்க முடியாமல் போனதும் வேலை நின்றுவிட்டது. அவர் நீட்டிய விண்ணப்பத்தை நான் கையில் வாங்கவில்லை. "மேசையில் வைங்க" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனார்.

அந்தக் கையை நிமிர்த்தும் வழி வேலூரில் 40 வருடமாக இருந்தது. இங்கிருந்து சில மணி நேரப் பேருந்துப் பயணம்தான். பாடம் நடத்தும் எனக்கு அது தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் நினைக்கவில்லை.

பிள்ளைகளே, உடம்பில் உணர்ச்சியில்லாத வெளிறிய தேமலோ சிவந்த தேமலோ இருந்தால் மறைக்காதீர்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம், நோய் முழுதாகக் குணமாகும். சீக்கிரம் போனால் விரல் மடங்குவதைப் பெரும்பாலும் தடுக்கலாம்.

உங்களுக்கு அந்த நாண் இருக்கிறதா, இல்லையா? கீழே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், விருத்தாசலம்