நெடுவாள் தனிப்பயிற்சி

நெடுவாள் தனிப்பயிற்சி என்பது, ஐரோப்பாவில் 14-ஆம் நூற்றாண்டு முதல் 16-ஆம் நூற்றாண்டு வரை செழித்திருந்த நெடுவாள் கலையில், எதிராளி இல்லாமல் ஒருவர் தனியே செய்யும் வாள் அசைவுகளையும் அவற்றுக்கு உடலைத் தயார்செய்யும் பயிற்சிகளையும் குறிக்கும். இக்கலையின் ஆசிரியர்-மாணவர் தொடர்ச்சி நடுவில் அறுந்துவிட்டது. இன்று இதைப் பயில்வோர் பழைய கையெழுத்துப் படிகளையும் அச்சு நூல்களையும் படித்தே மீட்டெடுக்கின்றனர். அந்நூல்களில் பெரும்பாலானவை இருவர் மோதும் முறையைத்தான் விளக்குகின்றன. ஒருவர் தனியே எப்படிப் பழகினார் என்பதை மிகக் குறைவாகவே சொல்கின்றன. எனவே தனிப்பயிற்சியின் வரலாறு சிதறிக் கிடக்கும் குறிப்புகளிலிருந்து திரட்டப்பட வேண்டியதாக உள்ளது.

நெடுவாள்

நெடுவாள் இரு கைகளால் பிடிக்கப்படும் நேரான, இருபுறமும் கூருள்ள வாள். இதன் முழு நீளம் பொதுவாக 100 முதல் 130 சென்டிமீட்டர் வரை இருக்கும். எடை பெரும்பாலும் 1.1 முதல் 1.8 கிலோகிராம் வரை. திரைப்படங்களில் காட்டப்படுவதுபோல் தூக்கவே முடியாத கனமான இரும்புத் துண்டு அல்ல இது. கைப்பிடியின் அடியில் உள்ள குமிழ் வாளின் எடையைக் கைகளுக்கு அருகே கொண்டுவருவதால் அதை விரைவாகத் திருப்பவும் நிறுத்தவும் முடியும். இந்த வாளைப் பழகத் தேவையான பலம் எத்தகையது என்பதற்கும் இதுவே விடை. பளு தூக்கும் பலத்தைவிட, நீண்ட நேரம் தளராமல் கைகளை உயர்த்தி வைத்திருக்கும் தோள்வலுவும் கால்களின் நிதானமும் இங்கு முக்கியம்.

கம்பப் பயிற்சி

தனிப்பயிற்சிக்கான மிகப் பழைய ஐரோப்பியச் சான்றுகளில் ஒன்று ரோமானிய எழுத்தாளர் வெஜிஷியசின் போர்க்கலை நூல். கி.பி. 4-ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்ட இந்நூல், புதிதாகச் சேர்ந்த வீரர்கள் தரையில் ஊன்றிய கம்பத்தை எதிரியாகக் கொண்டு காலையும் மாலையும் பழகியதைக் கூறுகிறது. கம்பம் தரைக்கு மேல் ஆறு அடி உயரம் நிற்க வேண்டும். மரவாளும் பிரம்புக் கேடயமும் உண்மையான ஆயுதங்களைப்போல் இருமடங்கு எடை கொண்டவை. வீரர் கம்பத்தின் தலையையும் பக்கங்களையும் கால்பகுதியையும் தாக்க வேண்டும். அப்படித் தாக்கும்போது தன் உடலைத் திறந்து காட்டிவிடக் கூடாது.

இடைக்கால ஐரோப்பாவில் அதிகம் படிக்கப்பட்ட போர் நூல்களுள் இதுவும் ஒன்று. 15-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் செய்யுளாகவும் இது தழுவி எழுதப்பட்டது. கம்பப் பயிற்சியைப் பற்றிய பகுதி அதிலும் இடம்பெற்றுள்ளது. அக்கம்பத்தின் ஆங்கிலப் பெயரான ‘பெல்’ என்ற சொல்லையே இன்றைய பயிற்சியாளர்களும் பயன்படுத்துகின்றனர்.

பூசிக்கோவின் உடற்பயிற்சி

பிரெஞ்சுப் படைத் தளபதி இரண்டாம் ஜான் லெ மெங்கர் (1366–1421), பூசிக்கோ என்ற பெயரால் அறியப்பட்டவர். அவர் உயிருடன் இருந்தபோதே 1409-இல் எழுதி முடிக்கப்பட்ட வாழ்க்கை வரலாறு, இளமையில் அவர் செய்த பயிற்சிகளை விவரிக்கிறது. மூச்சு வளர்வதற்காக அவர் நெடுந்தூரம் ஓடினார், நடந்தார். கைகள் பழகுவதற்காகக் கோடரியாலோ சம்மட்டியாலோ நீண்ட நேரம் அடித்தார். தலைக்கவசம் தவிர்த்த முழுக் கவசத்துடன் குட்டிக்கரணம் போட்டார். சேணப்படியில் கால் வைக்காமலே குதிரைமீது தாவினார். சாய்த்து வைத்த ஏணியின் அடிப்புறத்தைக் கைகளால் மட்டுமே பற்றி மேலேறினார்.

பாராட்டி எழுதப்பட்ட நூல் என்பதால் இதில் மிகை இருக்கலாம். ஆயினும் ஓட்டம், தாங்குதிறன், பிடிவலு, உடல் எடையைத் தானே தூக்குதல் ஆகிய நான்கும் அக்கால வீரர்களின் உடற்பயிற்சியாக மதிக்கப்பட்டன என்பது இதிலிருந்து தெளிவாகிறது. பூசிக்கோ 1415-இல் அஜின்கோர்ட் போரில் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, விடுதலை பெறாமலே 1421-இல் இங்கிலாந்தில் இறந்தார்.

ஆசிரியர்களின் குறிப்புகள்

ஜெர்மானிய மரபு யோகானஸ் லீக்டெனவர் என்னும் ஆசிரியரிடமிருந்து தொடங்குவதாகக் கருதப்படுகிறது. அவருடைய போதனை மறைபொருளான செய்யுள் வரிகளாக மாணவர்களிடம் வழங்கியது. அதற்கான பழைய உரைகளுள் ஒன்று நியூரம்பர்க் நகர அருங்காட்சியகத்தில் 3227அ என்ற எண்ணுள்ள கையெழுத்துப் படியில் உள்ளது. எழுதியவர் பெயர் இல்லாத அந்த உரை, பயிற்சியைக் கலை அறிவுக்கும் மேலாக வைக்கிறது. கலை அறியாதவரின் பயிற்சிகூட ஓரளவு பயன்படும், பயிற்சி இல்லாத கலையறிவால் பயனே இல்லை என்பது அதன் கருத்து. வாள்முனையில் ஒரு நூலைக் கட்டி எதிராளியின் உடலை நோக்கி இழுத்ததுபோல் வாள் நேர்வழியில் செல்ல வேண்டும் என்றும் அது கூறுகிறது. பார்வையாளர்களை மகிழ்விக்க அகலமாகவும் அழகாகவும் வாள் சுழற்றும் ஆசிரியர்களை அது கண்டிக்கிறது. தனியாகப் பழகுபவர் எளிதில் விழக்கூடிய பள்ளமும் இதுவே. எதிரே ஆள் இல்லாதபோது அழகான அசைவு சரியான அசைவாகத் தோன்றிவிடும்.

இத்தாலிய ஆசிரியர் ஃபியோரே டெய் லிபெரி 1409-ஐ ஒட்டித் தொகுத்த நூலில், ஒரு மனித உருவத்தைச் சுற்றி நான்கு விலங்குகள் வரையப்பட்டுள்ளன. அளவுகோலான கவராயத்தை ஏந்திய லிங்க்ஸ் பூனை தொலைவைக் கணிக்கும் விவேகத்தையும், அம்பு ஏந்திய புலி விரைவையும், இதயம் ஏந்திய சிங்கம் துணிவையும், கோபுரம் சுமந்த யானை உறுதியையும் குறிக்கின்றன. வாள்வீரரின் உடலிலும் மனத்திலும் வளர்க்க வேண்டியவை எவை என்பதற்கு ஒரே பக்கத்தில் அமைந்த பாடமாக இதைக் கொள்ளலாம்.

தனியே செய்யும் அசைவுக் கோவைகளும் எழுதப்பட்டுள்ளன. பிரித்தானிய நூலகத்தில் உள்ள ஹார்லி 3542 என்ற 15-ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் படியில் இருகை வாளுக்கான கோவைகள் காணப்படுகின்றன. அவற்றின் கலைச்சொற்கள் பலவற்றுக்கு ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த பொருள் இல்லை. போர்த்துகலின் தியோகு கோமெஸ் த ஃபிகெய்ரெடு 1651-இல் எழுதிய நூல், நெடுவாளைவிடப் பெரிய மொந்தாந்தே வாளுக்கு 16 எளிய விதிகளையும் 16 கூட்டு விதிகளையும் தருகிறது. குறுகிய தெரு, பலர் சூழ்ந்துகொள்ளுதல் போன்ற சூழல்களுக்கு ஏற்ப ஒவ்வொன்றும் அமைந்துள்ளது.

மெயரின் எண் சதுரம்

தனிப்பயிற்சிக்கு மிகவும் பயன்பட்ட வரைபடம் யோவாகிம் மெயர் 1570-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் அச்சிட்ட நூலில் உள்ளது. பாசலில் பிறந்த மெயர் தொழிலால் கத்தி செய்பவர். எதிராளியின் உடலை மேல் வலம், மேல் இடம், கீழ் வலம், கீழ் இடம் என நான்கு திறப்புகளாகப் பிரிப்பது பழைய மரபு. மெயரின் படத்தில் ஒவ்வொரு திறப்பிலும் 1 முதல் 4 வரையிலான எண்கள் நான்கு வரிசைகளாக எழுதப்பட்டுள்ளன. மாணவர் ஒரு வரிசையைத் தேர்ந்து, எண்களின் ஒழுங்கில் நான்கு வெட்டுகளை இடைவிடாமல் வீச வேண்டும். பிறகு அடுத்த வரிசைக்குச் செல்ல வேண்டும். இதனால் கை ஒரே பழக்கத்தில் சிக்காமல் எந்தத் திசையிலிருந்தும் எந்தத் திசைக்கும் திரும்பக் கற்றுக்கொள்கிறது.

அந்நூலை அச்சிட்ட செலவால் மெயர் கடனாளியானார். மெக்லென்பர்க் கோமகனிடம் வாள் ஆசிரியராகப் பணியேற்று ஷ்வெரினுக்குச் சென்ற அவர், சென்ற சில வாரங்களுக்குள் 1571 பிப்ரவரியில் இறந்தார். அவரைக் கடனில் ஆழ்த்திய அந்த நூலே, நான்கரை நூற்றாண்டு கழித்து ஆசிரியர் இல்லாத மாணவர்களுக்கு ஆசிரியராக விளங்குகிறது.

மரபு அறுந்த விதம்

ஜெர்மானிய நகரங்களில் வாள் ஆசிரியர்களுக்குச் சங்கங்கள் இருந்தன. புனித மார்க் சகோதரர்கள் எனப்பட்ட சங்கத்துக்குப் பேரரசர் மூன்றாம் ஃபிரடெரிக் 1487-இல் உரிமை வழங்கினார். அதற்குப் போட்டியான இறகு வீரர் சங்கம் 1607-இல் இரண்டாம் ருடால்ஃபிடம் உரிமை பெற்றது. ஆனால் இதற்குள் துப்பாக்கியும் ஈட்டிப் படையும் போர்க்களத்தை மாற்றிவிட்டன. நகரவாசிகள் இடுப்பில் அணிந்தது ரேப்பியர் என்னும் ஒல்லியான ஒருகை வாள். நெடுவாள் பொது விளையாட்டாகச் சுருங்கியது. மெயர் காலத்திலேயே ஜெர்மானியர் நெடுவாள் பயிற்சியில் குத்துதலைக் கைவிட்டிருந்தனர். பின்னர் அந்த விளையாட்டும் மறைந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் எகர்டன் காசிலும் ஆல்ஃபிரட் ஹட்டனும் பழைய வாள்முறைகளை ஆராய்ந்து மேடையில் செய்துகாட்டினர். இன்றைய பரவலான மீட்பு இயக்கம் 1990-களில் வலுப்பெற்றது.

இன்றைய பயிற்சி முறை

இன்றைய தனிப்பயிற்சி பெரும்பாலும் கீழ்க்காணும் படிகளில் அமைகிறது.

1. காலடி: வாள் இல்லாமல் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அடிவைத்தல். வலக்கைப் பழக்கமுள்ளவர் வலப்புறமிருந்து வெட்டும்போது இடக்கால் முன்னே இருக்கத் தொடங்கி, வெட்டுடன் வலக்காலை முன்வைக்க வேண்டும் என்பது பழைய விதி.

2. நிலைகள்: லீக்டெனவர் மரபின் நான்கு நிலைகள் எருது, கலப்பை, பேதை, மேல்நிலை ஆகியவை. ஒவ்வொன்றிலும் சற்று நின்று, பிறகு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மெதுவாக மாறுதல்.

3. வெட்டுகள்: முதலில் மெதுவாக, வாளின் கூர் வெட்டும் திசையிலேயே செல்கிறதா என்று கவனித்தல். பிறகு மெயரின் எண் வரிசை. இறுதியில் சினவெட்டு, வளைவெட்டு, குறுக்குவெட்டு, ஓரப்பார்வை வெட்டு, உச்சிவெட்டு என்னும் ஐந்து சிறப்பு வெட்டுகள்.

4. இலக்கு: கயிற்றில் தொங்கவிட்ட பந்தைக் குத்துதல், கம்பத்தை அடித்தல். காற்றில் வீசும்போது தெரியாத தொலைவுப் பிழையைக் கம்பம் உடனே காட்டிவிடும்.

5. உடல்வலு: உட்கார்ந்து எழுதல், தண்டால், கயிறு தாண்டுதல், ஓட்டம், முன்கைப் பயிற்சி.

வெஜிஷியஸ் சொன்ன இருமடங்கு எடையை அப்படியே பின்பற்றுவது புதியவருக்கு ஏற்றதல்ல. அளவுக்கு மீறிய எடை வெட்டின் வடிவத்தையே மாற்றிவிடும். முழங்கையும் மணிக்கட்டும் பாதிக்கப்படும். கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பதும் முழங்கை வலிக்குக் காரணம். வலி தோன்றினால் நிறுத்துவது, இருபுறமும் சமமாகப் பழகுவது, சுற்றிலும் தலைக்கு மேலும் போதிய இடமுள்ளதா என்று பார்ப்பது ஆகியவை அடிப்படை விதிகள்.

தனிப்பயிற்சியின் எல்லை

லீக்டெனவர் மரபின் உயிர்நாடியான ஒரு சொல் ‘உணர்தல்’. இரு வாள்களும் மோதி ஒட்டி நிற்கும் கணத்தில், எதிராளி அழுத்துகிறாரா தளர்கிறாரா என்பதைத் தன் வாளின் வழியாக அறிந்து, அந்தக் கணத்திலேயே செயல்படுவது அது. அழுத்தத்துக்கு அழுத்தம் கொடாமல் விலகி வேறு திறப்பைத் தாக்க வேண்டும். தளர்வு கண்டால் நேரே முன்னேற வேண்டும். இதை எந்தக் கம்பமும் கற்றுத்தர முடியாது. கம்பம் பின்வாங்குவதில்லை, ஏமாற்றுவதில்லை, திருப்பி அடிப்பதும் இல்லை.

ஆகவே தனிப்பயிற்சி கலையின் பாதி மட்டுமே. காலடி, வெட்டின் வடிவம், மூச்சு, தாங்குதிறன் ஆகியவற்றை அது தரும். தொலைவு, காலம், உணர்தல் ஆகியவற்றைத் துணையுடன்தான் கற்க வேண்டும். இக்கலை மறைந்தபோது முதலில் தொலைந்ததும் ஒரு கை மற்றொரு கைக்குக் கற்றுத்தந்த இந்தப் பாதிதான். ஏட்டில் எஞ்சிய பாதியைத் தனியே பழகி உடலில் ஏற்றிக்கொண்டு, மறுபாதியை ஒருவரோடொருவர் வாள் பொருத்திச் சோதித்துக் காண்பதே இன்றைய நெடுவாள் பயிற்சியின் வழியாக உள்ளது.