காடவராயரும் ரோமாபுரிப் பிரபுக்களும்

பழைய மாணவர் சந்திப்பில் இரண்டு பேர் பார்த்துக்கொண்டால் முதல் கேள்வி, "நீங்க எந்த செட்?" அடுத்தது, "எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளை?" நான் மங்களூர் என்றால், "கர்நாடகாவா?" என்பார்கள். "இல்லீங்க, திட்டக்குடி பக்கம், நம்ம மங்களூர்" என்று விளக்கியாக வேண்டும். மலர்க் குழுவினர் வரலாறு பற்றி ஏதாவது எழுதச் சொன்னபோது இந்தக் கேள்விதான் நினைவுக்கு வந்தது. ராஜாக்களையும் ஊர் இப்படித்தான் கேட்டது: "யாரு வீட்டுப் பிள்ளை?"

முதலில் ரோமாபுரிக்குப் போய்விட்டு வருவோம். கி.மு. 69இல் தன் அத்தை ஜூலியாவின் இறுதிச் சடங்கில் பேசிய ஜூலியஸ் சீசர், அத்தையின் தாய்வழி பழைய ரோம மன்னர்களிடமிருந்தும், தந்தைவழி வீனஸ் தேவதையிடமிருந்தும் வந்தது என்றார். அவரே அப்படிச் சொன்னால் பின்னால் வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? ஐரோப்பிய அரச குடும்பங்கள் பலவும் ரோமானியப் பெருங்குடும்பங்களைத் தங்கள் முன்னோர் என்று சொல்லிக்கொண்டன. ரோமின் மாசிமோ குடும்பத்தார், ஹானிபாலை எதிர்த்து நின்ற ஃபேபியஸ் மாக்ஸிமஸின் வழி வந்தவர்கள் என்பது வழக்கு. "இது உண்மையா?" என்று நெப்போலியன் கேட்டதற்கு, "நிரூபிக்க முடியாது. எங்கள் வீட்டில் 1200 வருஷமாகப் பேசிக்கொள்கிற வதந்தி இது" என்று அந்தக் குடும்பத்துப் பிரபு பதில் சொன்னதாக ஒரு கதை உண்டு.

கி.பி. 800இல் முடிசூடிய சார்லமேனின் வம்சத்தை, 7ஆம் நூற்றாண்டில் மெட்ஸ் நகர ஆயராக இருந்த ஆர்னுல்ஃப் வரை கொண்டுபோகலாம். அதற்கு மேலும் ஏறி, ஒரு ரோமானிய செனட்டர் குடும்பத்தோடு அவரை இணைத்துப் பிற்காலத்தில் வம்சாவளி எழுதினார்கள். ஆனால் ரோமப் பேரரசு மேற்கில் சரிந்த காலத்தில் ஆவணச் சங்கிலி அறுந்துவிட்டது. தலைமுறை தலைமுறையாக ஆதாரம் காட்டி அந்த இடைவெளியை இன்றுவரை யாரும் கடக்கவில்லை.

சரி, இதற்கும் விருத்தாசலத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? அச்சு அசலாக இதே கதை நம்ம ஊரிலும் உண்டு.

காஞ்சிப் பல்லவர்கள் தங்கள் செப்பேடுகளில் பிரம்மா, அங்கிரஸ், பிரகஸ்பதி, பரத்வாஜர், துரோணர், அசுவத்தாமன் என்று வம்சம் சொல்லிக்கொண்டார்கள். 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆதித்த சோழன் அபராஜித பல்லவனை வென்றதோடு அவர்கள் ஆட்சி முடிந்தது. ஏறக்குறைய 200 வருஷம் கழித்து, சோழர்களின் கீழ் அதிகாரிகளாக நம் பகுதியில் காடவராயர்கள் தலையெடுக்கிறார்கள். திருமுதுகுன்றம் பெரிய கோயிலில், 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று அவர்கள் வம்சத்தைச் சொல்கிறது. வளந்தனார் என்பவரில் தொடங்கி வீரசேகரக் காடவராயர் வரை சில தலைமுறைகள்தான். தேவர்களும் முனிவர்களும் இல்லாத, தாத்தா, முப்பாட்டன் கணக்கு.

பிறகு காலம் மாறியது. காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் 1231 வாக்கில் சோழ மன்னன் மூன்றாம் ராஜராஜனையே பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்தான். ஹொய்சள மன்னன் படை அனுப்பி மீட்கவேண்டி வந்தது. 1243இல் அரசேறிய இரண்டாம் கோப்பெருஞ்சிங்கனின் கல்வெட்டுகளில் காடவர்கள் பல்லவ குலத்தவராகப் போற்றப்படுகிறார்கள். அதிகாரியாக இருந்தவரைக்கும் முப்பாட்டன் போதும். சோழனுக்குச் சமமாக உட்காரும்போது சோழனைவிடப் பழைய குலம் வேண்டியிருக்கிறது.

அப்போ அது பொய்யா? அப்படியும் சொல்லிவிட முடியாது. பல்லவர்களுக்கே காடவர் என்ற பெயர் இருந்தது. சுந்தரர் தம் திருத்தொண்டத் தொகையில் பல்லவ மன்னனைக் காடவர்கோன் என்கிறார். உறவு இருந்திருக்கலாம். நடுவில் இருக்கும் 200 வருஷத்துக்குத்தான் பெயர் பெயராகச் சாட்சி இல்லை.

பீங்கான் ஊர்க்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். உடைந்த ஜாடியில் ஒரு சில்லு காணோம் என்றால், அந்த இடத்தை வெள்ளையாக அடைத்து, "இது புதுசு" என்று தெரியும்படி விடுவது ஒரு வழி. மேலே சாயம் பூசி, பழசுபோலவே காட்டி விற்பது இன்னொரு வழி.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், "நாங்கள் ஆண்ட பரம்பரை" என்று சுவரொட்டி ஒட்டும் காலம் இது. நம் கல்லூரியிலோ, வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த பிள்ளைகள்தான் அதிகம். இதையெல்லாம் பார்த்து, "எங்க வீட்டுக்கு வரலாறே இல்லை" என்று அவர்கள் குன்றிப்போகக் கூடாது. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒருவருக்குப் பெற்றோர் 2, தாத்தா பாட்டி 4, அதற்கு முன் 8. இப்படியே 30 தலைமுறை போனால் 107 கோடி வருகிறது. அன்றைக்கு உலகத்திலேயே அவ்வளவு ஜனம் கிடையாது. ஆகவே ஒரே ஆட்கள்தான் பலருக்கும் முன்னோர். நம் ஒவ்வொருவர் பரம்பரையிலும் ராஜாவும் இருந்திருக்கலாம், அவனுக்குக் கல் சுமந்தவனும் இருந்திருப்பான். வித்தியாசம் ரத்தத்தில் இல்லை. எழுதி வைத்தவர்களுக்கு வம்சாவளி இருக்கிறது, மற்றவர்களுக்கு இல்லை, அவ்வளவுதான்.

எனக்கே அப்பா வழியில் தாத்தாவுக்கு மேல் பெயர் தெரியாது. பாட்டியின் அம்மா பெயரைக் கேட்டுவைக்காமல் போய்விட்டேன். இப்போது கேட்க ஆள் இல்லை.

ஆகவே மாணவத் தம்பி தங்கைகளே, வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். பழைய பத்திரம், பள்ளிச் சேர்க்கைப் பதிவு, குலதெய்வக் கோயில் வரிப் பட்டியல், எதையும் விடாதீர்கள். பெண்கள் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். பெரிய கோயில் கல்வெட்டு மாதிரி தெரிந்ததோடு நிறுத்துங்கள். தெரியாத இடத்தைக் காலியாக விட்டால் போதும். அடுத்த சந்திப்புக்கு வரும்போது அந்த நோட்டைக் கொண்டுவந்தால், நானும் என்னுடையதைக் கொண்டுவருகிறேன்.