எழுத்தாணி ஒரு தட்டில், ஏடு வேறொரு பேழையில்: மட்டாஞ்சேரியிலிருந்து சில குறிப்புகள்

இடக்கொச்சியிலிருந்து பள்ளுருத்தி, தோப்பும்படி வழியாக வடக்கே சென்றால் மட்டாஞ்சேரி. அங்குள்ள யூதத் தெருவில் ஒருகாலத்தில் மிளகும் சுக்கும் அடுக்கிவைக்கப்பட்டிருந்த பண்டகசாலைகள் பல, இன்று பழம்பொருள் கடைகளாக இருக்கின்றன. கண்ணாடி மைக்கூடுகள், பித்தளைத் தாள்பாரங்கள், சாய்வுப் பலகை வைத்த எழுத்துப்பெட்டிகள், தொட்டெழுதும் பேனாக்கட்டைகள் என எழுதுமேசைக்குரிய பொருள்களுக்கு இக்கடைகளில் தனி மதிப்பு உண்டு.

அண்மையில் அவற்றுள் ஒரு கடையில், பேனாக்கட்டைகள் கிடந்த தட்டிலேயே ஓர் இரும்பு எழுத்தாணியைக் கண்டேன். கீலில் மடங்கும் சிறு கத்தி அதனோடு இணைந்திருந்தது. துரு முழுவதும் தேய்த்து அகற்றப்பட்டு, கருவி பளபளத்தது. அதில் கட்டியிருந்த சீட்டு, அது கடித உறை பிரிக்கும் கத்தி என்றது. எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பல கைகள் மாறி வந்ததாகக் கடைக்காரர் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அதற்குமேல் தெரிந்திருக்க வாய்ப்பும் இல்லை. அந்தச் சீட்டின் பிழையைத் திருத்துவது எளிது. அப்பிழை எழக் காரணமான பெரிய பிரிவினையைப் பற்றியே இப்பதிவு: நாம் ஏடுகளை ஓரிடத்திலும் அவற்றை எழுதிய கருவிகளை வேறோரிடத்திலும் சேர்த்துவைத்தோம், இரண்டுக்கும் இடையே இருந்த தொடர்பை எங்கும் சேர்த்துவைக்கவில்லை.

முதலில் கருவியைப் பார்ப்போம். தமிழில் எழுத்தாணிக்குக் குறைந்தது மூன்று வகைப் பெயர்கள் வழங்கின. கனத்த கொண்டையுடையது குண்டெழுத்தாணி. நீண்டு மெலிந்தது வாரெழுத்தாணி. ஓலை வாரும் கத்தியோடு சேர்ந்து மடங்குவது மடக்கெழுத்தாணி. எழுதுபவர் ஏட்டை இடக்கையில் பிடித்து, இடக்கைப் பெருவிரலால் எழுத்தாணிக்கு அணைகொடுப்பார். வலக்கை எழுத்தாணியை அழுத்தும். எழுத எழுத ஏடு இடப்பக்கம் நகரும். இதற்கு மேசை வேண்டியதில்லை. திண்ணையிலும் களத்திலும் நின்றபடியும் எழுதலாம். கீறிய எழுத்தில் விளக்குக்கரியையோ பச்சிலைச் சாற்றையோ தடவித் துடைத்த பின்னரே அது கண்ணுக்குத் துலங்கும். ஆகவே மை இங்கே எழுதுவதற்கு அன்று, படிப்பதற்கு. மைக்கூட்டையும் எழுத்தாணியையும் ஒரே தட்டில் இடும் கடைக்கு இந்த வேறுபாடு தென்படுவதில்லை.

மலையாளத்தில் இக்கருவியின் பெயர் நாராயம். தமிழில் நாராசம் என்பது சுவடியின் துளைக்குள் செருகி ஏடுகளைக் கோத்துவைக்கும் கம்பியைக் குறிக்கும். இரண்டும் இரும்பு அம்பைக் குறிக்கும் ஒரே வடசொல்லின் வழிவந்தவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு புறத்தில் எழுதும் கருவியாகவும், மறுபுறத்தில் எழுதியதைக் காக்கும் கருவியாகவும் ஒரு சொல் நின்றுவிட்டது. கேரளத்தில் வட்டெழுத்திலிருந்து கிளைத்த கோலெழுத்துக்குப் பெயர்க்காரணம் கூறுவோர், கோலால், அதாவது எழுத்தாணியால், எழுதப்பட்டதே என்பர். எழுத்துமுறைக்கே கருவி பெயர் தந்த நிலத்தில், அக்கருவி கடித உறை பிரிக்கும் கத்தியாகிவிட்டது.

கருவிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவைக் காண மட்டாஞ்சேரியை விடப் பொருத்தமான இடம் அரிது. கடைத்தெரு முடியும் இடத்தில், 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூதர் தொழுகைக்கூடம் நிற்கிறது. சேர மன்னர் பாஸ்கர ரவி, ஏறத்தாழ பொ.ஆ. 1000இல், யூத வணிகர் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு வழங்கிய உரிமைகளைப் பதிந்த செப்பேடுகள் அதன் பாதுகாப்பில் உள்ளன. எழுத்து, கிரந்த எழுத்துகள் கலந்த வட்டெழுத்து. தகட்டில் வெட்டியது உளி. ஆயினும் செப்பேட்டின் நீண்டு குறுகிய வடிவம் ஓலையைப் பார்த்து அமைந்தது. ஓலை மட்கும் என்று அஞ்சி உலோகத்துக்கு மாறியவர்களும் ஓலையின் உருவத்தைக் கைவிடவில்லை.

அடுத்த சான்று அச்சு. 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கமும், 1579 நவம்பர் 14 அன்று கொச்சியில் கிரிசித்தியானி வணக்கமும் அச்சேறின. இரண்டும் அன்றீக்கு அன்றீக்கசு பாதிரியாரின் தமிழாக்கங்கள். இந்நூல்களின் ஈய எழுத்துகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. புள்ளி இட்டால் ஓலை கிழியும் என்பதே ஏடெழுதுவோர் அதை விட்டதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். தாளில் புள்ளியிட எந்தத் தடையும் இல்லை. இருந்தும் எழுத்தாணியின் பழக்கம் ஈயத்திற்குள் புகுந்து தாளிலும் தொடர்ந்தது. கருவியை அறியாமல் இந்த முதல் அச்சு நூல்களின் எழுத்து வடிவத்தை விளக்க இயலாது.

மூன்றாவது சான்று டச்சுக்காரர் காலத்தது. 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சு நிறுவனத்தின் ஆளுநர் வான் ரீட், மலபார்த் தாவரங்களைப் பற்றி 12 தொகுதிகளாகத் தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அதற்குத் தாவர அறிவை வழங்கியவருள் தலையானவர் சேர்த்தலைப் பகுதியைச் சேர்ந்த வைத்தியர் இட்டி அச்சுதன். 1675 ஏப்ரலில் அவர் கோலெழுத்தில் எழுதித் தந்த சான்றுரை, அந்தக் கையெழுத்து வடிவிலேயே செப்புத் தகட்டில் செதுக்கப்பட்டு முதல் தொகுதியில் இடம்பெற்றது. சான்றுரை உலகறிந்தது. அவர் எழுதிய கோலைப் பற்றி அந்த அளவுக்குப் பேச்சில்லை.

டச்சு அலுவலகம் எழுதியதோ இறகுப் பேனாவும் மையும் கொண்டு. அந்தக் கொச்சி ஆவணங்களில் கணிசமானவை பின்னர் ஆங்கிலேயர் வழியாகச் சென்னைக்கு வந்து, இன்று எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. தாள் எழும்பூரில், மைக்கூடு மட்டாஞ்சேரிக் கடையில் என்பதே அங்கும் நிலை. ஆனால் அலுவலக எழுத்து மேசையையும், மேசை தாள்பாரத்தையும் மைத்தாங்கியையும் உடன் கொண்டுவந்தது. இன்று சேகரிப்போர் விரும்புவது பெரும்பாலும் இந்த மேசையின் உலகத்தையே.

இதற்குக் காரணம் உண்டு. மேசைப் பொருள்களுக்கும் ஊற்றுப்பேனாக்களுக்கும் பெயர் இருக்கிறது. வாட்டர்மன் பேனாவின் வரலாறு 1884ஆம் ஆண்டுக் காப்புரிமையிலிருந்து தொடங்குகிறது. உடலில் பொறித்த எழுத்தைக் கொண்டு காலத்தைக் கணிக்கலாம். ராஜமுந்திரியில் 1932இல் தொடங்கிய ரத்னம் பேனாவுக்குக் காந்தியடிகள் 1935இல் எழுதிய கடிதம் ஒரு பிறப்புச் சான்றிதழ் போல நிற்கிறது. எழுத்தாணியை அடித்த கொல்லர் தம் பெயரைப் பொறிக்கவில்லை. எழுதியவர் புலவராக இருக்கலாம். கணக்கர், சோதிடர், நாட்டு வைத்தியர், மிளகுத் தரகரின் எழுத்தராகவும் இருக்கலாம். பெயரில்லாக் கருவிக்குச் சந்தையில் கதை இல்லை. கதை இல்லாததால் விலை இல்லை. விலை இல்லாததால் யாரும் குறிப்பெடுப்பதில்லை.

சட்டமும் இப்பிரிவை வலுப்படுத்துகிறது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டத்தின்படி, அறிவியல், வரலாறு, இலக்கிய மதிப்புடைய சுவடி 75 ஆண்டுகளில் தொல்பொருளாகிறது. பிற பொருள்களுக்கு 100 ஆண்டுகள் ஆக வேண்டும். 80 ஆண்டுகளுக்கு முன் ஒரே வீட்டில், ஒரே கையில் இருந்த ஏட்டையும் எழுத்தாணியையும் எண்ணிப் பாருங்கள். ஏட்டை நாட்டை விட்டு வெளியே கொண்டுசெல்ல இச்சட்டம் தனியாரைத் தடுக்கும். எழுத்தாணிக்கு அந்தத் தடை இல்லை. ஆய்வாளர்களாகிய நாமும் சிறந்தவர்கள் அல்லோம். நம் சுவடி அட்டவணைகள் ஏட்டின் நீளம், அகலம், பக்கத்துக்கு எத்தனை வரி, சிதைவின் அளவு ஆகியவற்றைப் பதியும். உடன் கிடைத்த கருவிக்குப் பெரும்பாலும் அவற்றில் இடமில்லை.

இழப்பு என்ன என்று கேட்கலாம். எழுத்தாணி முனையின் அகலத்தையும் ஏட்டின் கீறலின் அகலத்தையும் ஒப்பிட முடிந்தால், ஒரு சுவடி ஒரே கருவியால் எழுதப்பட்டதா என்று சோதிக்கலாம். பிடியின் தேய்மானம், நெடுங்காலம் எழுதிய கையையும் எப்போதோ எழுதிய கையையும் பிரித்துக் காட்டக்கூடும். கத்தி எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பது எத்தனை முறை தீட்டப்பட்டது என்பதன் கணக்கு. எழுதியவர் பெயரே இல்லாத பல்லாயிரம் சுவடிகள் உள்ள மொழியில், இவை சிறிய தடயங்கள் அல்ல. உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்தால் முனையும் பிடியும் தம் சாட்சியத்தை இழந்துவிடும்.

ஆதலால் சேகரிப்போரிடமும், சுவடிக்களப் பணிக்குச் செல்லும் மாணவரிடமும் என் வேண்டுகோள் எளியது. எழுத்தாணி கிடைத்தால் உடனே தேய்த்துத் துலக்க வேண்டாம். எடை, நீளம், முனையின் அகலம், தேய்ந்திருக்கும் பக்கம் ஆகியவற்றை அளந்து, அளவுகோலோடு படம் எடுங்கள். எந்த ஊர், எந்த வகை வீடு, உடன் ஏடு இருந்ததா, வீட்டார் அதை என்ன பெயரால் அழைத்தனர் என்பதை எழுதிவையுங்கள். ஏட்டைக் காப்பகத்துக்குக் கொடுக்கும் குடும்பத்திடம், பெட்டியின் அடியில் இரும்புக் கம்பி ஏதும் கிடக்கிறதா என்று ஒருமுறை கேளுங்கள். கருவி குடும்பத்திடமே இருக்கட்டும்; அளவுகள் ஏட்டின் அட்டவணையில் ஏறட்டும்.

தொழுகைக்கூடத்துச் செப்பேடுகள் சந்தைக்கு வராமல் ஆயிரம் ஆண்டுகள் நிலைத்ததற்கு, அவை யாருடையவை, எதற்குரியவை என்பதை ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்ததே காரணம். எழுத்தாணிக்கு அப்படிச் சொல்வோர் அமையவில்லை. நான் கண்ட கருவியை வாங்கவில்லை. கடைக்காரரிடம் அது என்ன என்பதை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டு, சீட்டைத் திருப்பி, பின்புறத்தில் நாராயம் என்று எழுதினார். எழுதியது நீல மைப் பந்துமுனைப் பேனாவால்.